மணிக்கு ஐந்து சாட்சி

ஏப்ரல் 19, சனிக்கிழமை.

நேற்று நான் செய்த தவறை முதலில் எழுதிவிடுகிறேன். சாட்சிகள் நான்கு பேரையும் விஜய்ராஜின் டீக்கடை பெஞ்சில் ஒன்றாக உட்காரவைத்து ஒரே கேள்வியைக் கேட்டேன். முதல் ஆள், "மூணு மணி அடிச்சதைக் கேட்டேன்" என்றார். மற்ற மூவரும் தலையாட்டினார்கள். நான்கு சாட்சி என்று எழுதிக்கொண்டு வந்துவிட்டேன். சாட்சிகளைத் தனித்தனியாகக் கேட்க வேண்டும் என்பது தேனியில் நான் துப்பறிதல் படிக்கும் மாலை வகுப்பில் முதல் வாரமே சொன்ன பாடம். அதற்குப் பரீட்சையில் முழு மதிப்பெண் வாங்கியவளும் நான்தான்.

ஆகவே இன்று மறுபடியும் முதலிலிருந்து.

"நாலு பேரும் ஒரே பதிலத்தான தாயி சொன்னாக? திரும்பக் கேட்டா மட்டும் மணி நாலு அடிச்சுச்சுன்னு சொல்லுவாகளா?" என்றாள் பாண்டீஸ்வரி அக்கா, ஆட்டோவைக் கம்பம் மெயின் ரோட்டில் திருப்பியபடி.

பகலில் நான் இன்சூரன்ஸ் கோரிக்கைகளைச் சரிபார்க்கும் வேலை பார்க்கிறேன். யாராவது கேட்டால் இதுபோன்ற வழக்குகளையும் பார்ப்பேன். அக்கா ஆட்டோ ஓட்டுகிறாள். என் உதவியாளர் என்று தன்னைத் தானே நியமித்துக்கொண்டாள். சம்பளம் கிடையாது என்றபோது, "வாயைத் தொறக்க விடுவேல்ல? அது போதும்" என்றாள்.

ஆட்டோ நின்ற இடத்தில் இரண்டு பழைய கட்டடங்கள் ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாக நின்றன. ஏலக்காய் வியாபாரத்தில் கூட்டாளிகளாக இருந்த இருவர் பிரிந்து, ஆளுக்கொரு வங்கி தொடங்கிக் கட்டியவை. வங்கிகள் இரண்டும் மூடி அறுபது வருடத்துக்கு மேல் ஆகிறது. கட்டடங்கள் அறக்கட்டளைகளின் கையில் இருக்கின்றன. சண்டை மட்டும் மூடவில்லை.

கிழக்கே இருப்பது மணிக்கட்டடம். கோபுரத்தில் தொங்கும் மணியைக் காலை ஆறு முதல் இரவு ஒன்பது வரை மணிக்கொரு தடவை ஆள் ஏறி அடிக்க வேண்டும். மேற்கே மயில்கட்டடம். அதன் நெற்றியில் ஒரு சுதை மயில். மணி வெடிக்கட்டும் என்று மந்திரித்து, மணியை முறைக்கும்படி வைத்த மயில் என்பார்கள். பதிலுக்கு மணிக்கட்டடத்துக்காரர்கள் இரண்டாம் மாடி ஜன்னலில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை மாட்டினார்கள். மயில் தன்னையே முறைத்துக்கொள்ளட்டும் என்று. கண்ணாடி இன்னும் இருக்கிறது. மயிலுக்குத்தான் ஒரு கண் உதிர்ந்துவிட்டது.

இப்போது ரோட்டை அகலப்படுத்தப் போகிறார்கள். இரண்டில் ஒன்றுதான் நிற்கும். எது மூத்ததோ அது. அதற்கென்று அமைத்த குழு செவ்வாய்க்கிழமை வந்து பார்த்து முடிவு செய்யும். மூத்தது தாங்கள்தான் என்பதற்கு மயில்கட்டடத்தார் காட்டிய ஆதாரம், அவர்களுடைய அடிக்கல்லோடு பதித்திருந்த செப்புத் தகடு. அதை எடுத்துக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து ஊருக்கே காட்டினார்கள். நேற்று, வெள்ளிக்கிழமை, அது காணாமல் போனது.

பழி விழுந்தது மணிக்கட்டடத்தின் காவலர் இன்னாசி மேல். திங்கள் காலை பத்து மணிக்கு அவர் ஸ்டேஷனுக்கு வர வேண்டும் என்று இன்ஸ்பெக்டர் சொல்லியிருக்கிறார். இன்னாசியின் மகள் அனிதா மேரி நேற்று மாலை என்னைத் தேடி வந்து, "எங்கப்பா அடுத்தவக வீட்டு வேப்பங்குச்சியக்கூட ஒடிக்க மாட்டாக" என்று அழுதாள். அழுதவளுக்குத் தண்ணீர் கொடுக்க வேண்டும் என்று அவள் போன பிறகுதான் எனக்குத் தோன்றியது.

முதலில் மயில்கட்டடம். அறக்கட்டளைச் செயலாளர் சுயம்புலிங்கம் வெள்ளைச் சட்டையில் மடிப்புக் கலையாமல் காத்திருந்தார். காலியான கண்ணாடிப் பெட்டியைக் கையால் காட்டினார்.

"நேத்தே எழுதிக் குடுத்துட்டேனேம்மா."

"இன்னொரு தடவை சொல்லுங்க சார்."

"அஞ்சரைக்குப் பூட்ட வந்தேன். தகடு இல்ல. அப்பத்தான் நெனப்பு வந்துச்சு. மத்தியானம் நான் ஓரத்து ஜன்னல்கிட்ட நின்னேன். எதிர்ல மணி அடிச்சுச்சு. ஒண்ணு, ரெண்டு, மூணு. எண்ணினேன். அடிச்சு ஓய்ஞ்சதும் இன்னாசி எறங்கி ரோட்டத் தாண்டி, நம்ம பின் சந்துக்குள்ள வந்தான். திரும்பிப் போகையில துண்டுக்குள்ள என்னமோ பொத்தியிருந்தான்."

"மணி அடிச்சா எப்பவும் எண்ணுவீங்களா?"

"எதிரி வீட்டு மணியாச்சே. நாப்பது வருசமா எண்ணிக்கிட்டுத்தான் இருக்கேன். ஒரு அடி கொறஞ்சாலும் கண்டுபிடிச்சிருவேன்."

அக்கா பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். "வியாழக்கெழம இது முன்னால நின்னு ஒரு செல்ஃபி எடுத்தேன் சார். என்னா பளபளப்பு! தங்கம்னே நெனச்சேன்."

சுயம்புலிங்கம் முகம் மலர்ந்தது. "தொண்ணூறு வருசக் களிம்பும்மா. ஒரு எழுத்துகூடத் தெரியாது. புதன்கெழம ஆள் வச்சுப் புளி போட்டுத் துலக்கினேன்."

வெளியே வந்ததும் செல்ஃபியைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். படத்தில் முக்கால்வாசி அக்காவின் முகம். மீதியில் கண்ணாடிப் பெட்டியின் வெளிச்சம். அவள் காதுக்கும் தோளுக்கும் நடுவே தகட்டின் ஒரே ஒரு வரி தெரிந்தது: ‘எதிர்ப்புறத்து மணி ஒன்பது அடிக்கும் சுபவேளை’. மற்றதெல்லாம் அவள் கொண்டைக்குப் பின்னால்.

"வருசம் இருக்கற எடத்துல தலைய வச்சிருக்கீங்களேக்கா."

"என் தலையெழுத்து தாயி, செம்புத் தகட்டையும் மறைக்குது."

அந்த வரியை நோட்டில் எழுதினேன். என்ன பொருள் என்று அப்போது யோசிக்கவில்லை. இது இரண்டாவது தவறு.

பத்தரையிலிருந்து கடைக்காரர்களைத் தனித்தனியாகக் கேட்டேன். டெய்லர், காஜா போட்டுக்கொண்டிருந்தபோது மூன்று அடித்தது என்றார். டயர் கடைக்காரர், பஞ்சர் ஒட்டியபோது அடித்தது என்றார். ஜெராக்ஸ் கடைப் பெண், "மூணு அடிக்காம பின்ன? இன்னாசி அண்ணன் முப்பது வருசமா ஒரு மணி தப்பினது இல்லியே" என்றாள். விஜய்ராஜ், "மூணு அடிச்சதும் ரெண்டாம் பால் ஏத்துவோம். நேத்தும் ஏத்துனோம். அப்ப அடிச்சுச்சுன்னுதான அர்த்தம்?" என்றார்.

நால்வரும் நல்லவர்கள். இன்னாசிக்கு உதவுவதாக நினைத்துத்தான் சொன்னார்கள். மூன்று மணிக்கு நான் கோபுரத்தில் மணி அடித்தேன் என்பதுதான் இன்னாசியே போலீசில் கொடுத்த வாக்குமூலம். ஆனால் அது அவரைக் காப்பாற்றவில்லை. சுயம்புலிங்கமும் அதையேதான் சொல்கிறார். மணி அடித்தான், இறங்கி வந்தான், எடுத்துப் போனான். இன்னாசியின் சாட்சிகள் நால்வரும் சுயம்புலிங்கத்துக்கும் சாட்சி. மொத்தம் ஐந்து பேர், ஒரு மணி.

"காலைலேர்ந்து ஓடி, அவுக கட்டுன சுவத்துக்கு நாம வெள்ளையடிச்சிருக்கோம்" என்றாள் அக்கா.

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. இந்த வேலைக்கு நான் சரியான ஆள்தானா என்று யோசித்துக்கொண்டே, மணிக்கட்டடத்துக்குக் கீழே கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாவிடம் கால் கிலோ பன்னீர் திராட்சை கேட்டேன். பெயர் மொக்கம்மாள். ஊர் கோம்பை. இந்த இடத்துக்கு வந்து ஐந்து நாள்தான் ஆகிறது. பட்டியலில் இல்லாதவர். இருந்தாலும் கேட்டு வைத்தேன்.

"நேத்து மூணு மணி அடிச்சப்ப இங்கனதான் இருந்தீங்களா?"

திராட்சைக் கொத்து அப்படியே தராசில் நின்றது.

"அந்த வயித்தெரிச்சல ஏன் ஆத்தா கேக்குற? மூணரை ஜீப்ப விட்டா எங்க ஊருக்கு அஞ்சரைக்குத்தான் அடுத்தது. எங்கிட்ட வாச்சு இல்ல, போனு இல்ல. மூணு அடிச்சா கூடையக் கட்டணும்னு காதத் தீட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன். அடிக்கவே இல்ல! என்னடா வெயிலு சாயுதேன்னு போய்க் கேட்டா, மணி நாலாம். பாவி மனுசன் எங்கன போனானோ."

"அடிச்சது உங்களுக்குக் கேக்காம இருந்திருக்கலாம்ல?"

"இந்தா, நீ கால் கிலோ கேட்டது கேட்டுச்சுல்ல?"

ஐந்து பேருக்கு எதிராக ஒருவர். எழுதிக்கொண்டேன். பக்கத்தில் கேள்விக்குறி போட்டேன். பிறகு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, ஒவ்வொருவர் சொன்னதையும் போனில் நானே திரும்பச் சொல்லிப் பதிவு செய்தேன். என் கையெழுத்து எனக்கே சில சமயம் புரியாது.

பாதியில் விஜய்ராஜின் குரல் கேட்டது. "ஏலே, பன்னெண்டு அடிச்சிருச்சு. சாப்பாட்டுக்குப் போறவன் போ!"

டெய்லர் மெஷினை நிறுத்தினார். ஜெராக்ஸ் கடைப் பெண் டிபன் பாக்ஸைத் திறந்தாள். நானும் நோட்டில் ‘12.00. மணி அடித்தது’ என்று எழுதினேன்.

"எங்கன அடிச்சுச்சு?" என்றாள் அக்கா, வாயில் திராட்சையோடு.

பேனா நின்றது. அடித்ததைக் கேட்டேனா? கேட்ட மாதிரிதான் இருந்தது. போனில் பதிவு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தி, பின்னோக்கிப் போட்டு, இருவரும் ஆளுக்கொரு காதாகக் கேட்டோம். லாரி ஹாரன். பால் கொதிக்கும் சத்தம். "குமுளி, குமுளி, ஏறுங்க" என்று ஜீப்காரரின் கூப்பாடு. விஜய்ராஜின் "பன்னெண்டு அடிச்சிருச்சு." அதற்கு முன்னும் பின்னும் மணி இல்லை.

"தாயி, எனக்குக் கையெல்லாம் புல்லரிக்குது" என்றாள் அக்கா. முதல் தடவையாக அதற்குப் பின்னால் ஒரு கேலியும் வரவில்லை.

கையில் போன் வைத்திருக்கும் ஊருக்கு மணி தேவையில்லை. ஆனால் பன்னிரண்டு ஆனால் மணி அடித்திருக்கும். அதனால் கேட்டுவிடுகிறார்கள். மணிக்காகக் காத்திருந்த ஒரே ஒருத்திக்குத்தான் அது அடிக்காதது தெரிந்திருக்கிறது.

நாற்பத்தோரு படி. இன்னாசி மேலே மணியடியில் உட்கார்ந்திருந்தார். மடியில் பதிவேடு விரித்திருந்தது. பன்னிரண்டு என்ற கட்டத்தில் கையெழுத்து ஈரமாக இருந்தது. மேலே மணியின் நாக்கு ஊதாத் துணியால் சுற்றி, கயிற்றால் இறுகக் கட்டப்பட்டிருந்தது.

அவரே சொன்னார்.

"பெரிய வியாழக்கெழம பூசையில கடைசியா அடிச்சா, ஆண்டவர் உயிர்த்தெழுற பூசை வரைக்கும் எங்க கோயில்ல மணி நாக்கு அசையக் கூடாதும்மா. மரத்தட்டைதான் தட்டுவாக. ஆண்டவர் சிலுவையில கெடக்கும்போது நான் மட்டும் இங்கன டங்கு டங்குன்னு அடிக்கவா? மொத வருசமே கை வரல. துணியச் சுத்திட்டேன். யாராச்சும் கேப்பாகன்னு பயந்துக்கிட்டே இருந்தேன். ஒருத்தரும் கேக்கல. முப்பது வருசமா கேக்கல."

"நேத்து மூணு மணிக்கு எங்க இருந்தீங்கய்யா?"

"இராயப்பன்பட்டி கோயில்ல. பெரிய வெள்ளி மூணு மணி வழிபாடு. சிலுவைய நான்தான் தூக்கிக்கிட்டு முன்னால போனேன். எங்க குடும்பத்து மொறை. அஞ்சேகாலுக்கு இங்க வந்து, விட்டுப்போன கையெழுத்தெல்லாம் போட்டேன்."

அக்கா கையைத் தட்டியேவிட்டாள். "அப்பறம் என்னய்யா! ஊரே பாத்திருக்குமே! அந்த வெள்ளச் சட்ட, அடிக்காத மணிய ஒண்ணு ரெண்டு மூணுன்னு எண்ணியிருக்காரு. ஊர்லயே இல்லாத ஆளச் சந்துல பாத்திருக்காரு!"

அப்போதுதான் நோட்டில் எழுதிவைத்த வரி எனக்குப் பொருள்பட்டது. ‘எதிர்ப்புறத்து மணி ஒன்பது அடிக்கும் சுபவேளை.’ மயில்கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டும்போதே எதிரே மணி அடித்திருக்கிறது. அப்படியானால் மணிக்கட்டடம்தான் மூத்தது. சொல்வது மயில்கட்டடத்தின் சொந்தத் தகடு. களிம்பு இருந்தவரை யாருக்கும் தெரியாது. புளி போட்டுத் துலக்கி, விளக்குப் போட்டு, ஊரையே கூப்பிட்டுக் காட்டிய பிறகு சுயம்புலிங்கம் நிதானமாகப் படித்திருக்கிறார். குழு வருவதற்குள் தகடு போக வேண்டும். போனால் யார் மேலாவது பழி விழ வேண்டும். கோபுரத்தை விட்டு ஒருநாளும் அகலாத ஆள்தான் அதற்கு வசதி. எப்போது கேட்டாலும் எதிரேதான் இருந்தான் என்று ஊரே சொல்லும்.

வழக்கு முடிந்தது என்று நினைத்தேன். ஒரு நிமிடம் என் மேல் எனக்கே மரியாதை வந்தது.

"இதை அப்படியே இன்ஸ்பெக்டர்கிட்டச் சொல்லிருவோம்யா. கோயில்ல பாத்தவங்க ரெண்டு பேர் போதும்."

இன்னாசி பதிவேட்டை மூடினார். "சொல்ல வேணாம்மா."

"ஏன்?"

பின்பக்க ஜன்னல் வழியே கீழே காட்டினார். கட்டடத்தின் பின்னால் ஓட்டுக் கூரை போட்ட ஓர் அறை. அங்கேதான் அவரும் மனைவி பிலோமினாவும் இருக்கிறார்கள். பிலோமினாவுக்கு ஒரு பக்கம் கை, கால் விளங்காமல் போய் நான்கு வருடம்.

"இந்தக் கட்டடத்தக் கட்டுனவர் எழுதி வச்சிட்டுப் போயிருக்காரு. முப்பது வருசம் ஒரு மணியும் தப்பாம அடிச்சவனுக்கு அந்த அறை. அவனும் அவன் பொஞ்சாதியும் சாகுற மட்டும். தப்புனா அன்னைக்கே காலி பண்ணணும். எனக்கு ஜூன் நாலாந்தேதி முப்பது முடியுது. ஒரு மணியா தப்புச்சு? வருசத்துக்கு ரெண்டு நாளு. தப்பாம அடிச்சேன்னு கையெழுத்து வேற."

"திருடன்னு பேர் வாங்குனாலும் அறை போயிருமேய்யா."

"போகும். ஆனா திருடுனேன்னு அவுக நிரூபிக்கணும். மணி அடிக்கலன்னு நானே சொன்னா, நிரூபிக்க ஒண்ணுமே வேணாம்."

சட்டப்படி அவர் சொன்னது சரியா என்று எனக்குத் தெரியவில்லை. அந்தப் பாடம் இன்னும் நடத்தவில்லை.

படியேறி வரும் சத்தம் கேட்டது. அனிதா மேரி, கையில் சாப்பாட்டுத் தூக்கோடு நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியாது. அவள் பார்வை மணி நாக்கில் இருந்த ஊதாத் துணியில் இருந்தது. அவளுக்கு அது புதிதல்ல என்று முகத்தில் தெரிந்தது. வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம், எனக்குத்தான் யாரும் சொல்லவில்லை.

"அக்கா," என்றாள் என்னிடம். "எங்கப்பாவ இந்தப் பழியிலேர்ந்து வெளியே கொண்டாங்கன்னுதான் கேட்டேன். வீட்ட விட்டு வெளியே கொண்டாங்கன்னு கேக்கலியே."

"வேற ஆதாரம் இருக்கான்னு பாக்குறேன்மா" என்றேன். இருக்கிற ஆதாரங்களை மனதில் எண்ணிப் பார்த்தேன். ஒரு காதுக்கும் தோளுக்கும் நடுவே தெரியும் ஒரு வரி. அது போட்டோவின் வெளிச்சத்தில் கலைந்த வரி, வருடம் இல்லாத வரி. மொக்கம்மாளின் கூடை. அவரை ஐந்து பேர் மறுப்பார்கள், அதில் நான்கு பேர் பொய் சொல்லத் தெரியாதவர்கள். நாளை உயிர்ப்புத் திருநாள். இன்றிரவே துணி அவிழ்ந்துவிடும். நாளைக் காலை ஆறு மணிக்கு மணி ஊர் கேட்க அடிக்கும். அது அடிக்காமல் இருந்ததே இல்லை என்று எல்லோரும் சொல்வார்கள்.

கீழிருந்து பிலோமினாவின் குரல் வந்தது. "பெரிய சனியும் அதுவுமா மேல என்ன பேச்சு? யாரு வந்திருக்காக?"

"யாருமில்ல. கட்டடத்தப் பாக்க வந்தவக" என்றார் இன்னாசி. வழக்கு நடப்பதையே மனைவியிடம் அவர் சொல்லியிருக்கவில்லை.

ஆட்டோவில் ஏறினோம். எதிரே சுயம்புலிங்கம் வாசலில் நின்று, மயிலின் உதிர்ந்த கண்ணுக்குச் சிமென்ட் வைக்க வந்த கொத்தனாரை மேற்பார்த்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் கையசைத்தார்.

"போய் அந்தாளு சட்டையில திராட்சைய நசுக்கிட்டு வரவா தாயி?"

"வேணாம்க்கா."

"கால் கிலோதான. வீணாப் போகுதேன்னு பாத்தேன்."

அக்கா வண்டியைக் கிளப்பினாள்.

என் அறைக்கு வந்து இதுவரை எழுதினேன். யார் எடுத்தார், ஏன் எடுத்தார், எந்தப் பொய்யைச் சொன்னார் என்று மூன்று கேள்விக்கும் பதில் இருக்கிறது. இன்ஸ்பெக்டருக்கான அறிக்கையின் தாளில் தேதி மட்டும் போட்டிருக்கிறேன். மணி அடிக்கவில்லை என்று எழுதினால் பிலோமினா படுத்த கட்டிலோடு தெருவுக்கு வர வேண்டியிருக்கும். அடித்தது என்று எழுதினால், சுயம்புலிங்கத்துக்கு ஆறாவது சாட்சி நான். எழுதாமல் விடுவது எனக்குத் தெரிந்த வேலை அல்ல. ஆனால் எழுதும் உரிமை எனக்கு இல்லை என்று மட்டும் தோன்றுகிறது.

நாளை, ஞாயிறு: காலை ஏழு மணி பஸ்ஸில் இராயப்பன்பட்டி போக வேண்டும். பூசை முடிந்து வருகிறவர்களில், வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு இன்னாசி சிலுவை தூக்கி வந்ததைப் பார்த்த இருவரிடம் பெயர், முகவரி, கையெழுத்து வாங்க வேண்டும். அதைக் கவரில் போட்டு ஒட்டி, இன்ஸ்பெக்டரிடம் கொடுக்காமல், இன்னாசியின் கையில் கொடுக்க வேண்டும்.